ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

எனக்கு மாரடைப்பு வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. மாளிகையில் இருப்பவருக்கும் வருகிறது, மலையேறிக் கூலி வேலை பார்ப்பவளுக்கும் வருகிறது. அது ஏன் வந்தது என்று சொல்லத்தான் நாக்கு எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டவர்கள் எல்லோரிடமும் பொய் சொன்னேன். டாக்டரிடம் சொன்னேன், நர்சிடம் சொன்னேன், கோயிலிலிருந்து நன்மை அப்பம் கொடுக்க வந்த சாமியாரிடமும் கூசாமல் சொன்னேன். அந்தப் பொய்யை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், சிரிக்கிற விஷயம்தான்.

என் பெயர் ஆரோக்கியமேரி. தேவாரத்துக்குப் பக்கத்தில் மாதா கோயில் தெருவில் வீடு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகிற கங்காணி நான். விடிவதற்கு முன்னால் ஊர் முக்கில் ஜீப் வந்து நிற்கும். பொம்பளைகளை எழுப்பி, ஏசி, இழுத்து வந்து ஏற்றி, கடைசியில் நானும் ஏறுவேன். போடி தாண்டி, மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளாவுக்குள் இருக்கிற தோட்டத்தில்தான் இறங்குவோம். ஜீப்புக்குள் நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருத்தி மடியில் இன்னொருத்தியின் முழங்கை இருக்கும், கால் யாருடையது என்று கிள்ளிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நடுவில் எங்கேயும் நிற்கிற வழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.

எனக்கு பிரஷர் இருப்பதைக் கண்டுபிடித்தது செல்வி. அரசாங்கத்தின் திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற பெண். முப்பது வயது தாண்டியவர்கள் யாராக இருந்தாலும் கையை நீட்டச் சொல்லிப் பட்டையைச் சுற்றிவிடுவாள். மாரடைப்பும் வாதமும் வந்த பிறகு ஓடுவதைவிட வராமல் தடுப்பதற்காக நாடு முழுக்க இப்படிப் பார்க்கிறார்கள் என்று சொன்னாள். எங்கள் தெருவில் மற்ற நாட்களில் எல்லா வீட்டிலும் பூட்டுத்தான் தொங்கும். அதனால் பாவம், தன் லீவு நாளை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்து வருவாள்.

“அக்கா, ரொம்பக் கூட இருக்கே. தலை கிலை சுத்துதா?” என்றாள்.

“ஒன்னையப் பாத்தாத்தான் சுத்துது. போவியா அங்கிட்டு” என்றேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்ததும் இரண்டு விதமான மாத்திரை எழுதினார்கள். அதன் பிறகு மாதாமாதம் செல்வியே வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். காலையில் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொன்று போட வேண்டும். இது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரமே ஒரு நாள் இட்லியைத் தின்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜீப் ஏறினேன். போடி தாண்டும்போதே அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்ப எனக்கு உயிர் போனது. பல்லைக் கடித்தேன், கையைக் கிள்ளினேன், செபமாலை சொன்னேன். முன்னால் டிரைவர் முருகனும் அவன் பக்கத்தில் செடிக்கு மருந்தடிக்கிற ஆம்பளைகள் இரண்டு பேரும் இருந்தார்கள். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. ஊரையே அதட்டி ஏற்றுகிற கங்காணிக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு பெரிய வளைவில் ஜீப் குலுங்கியபோது என்னையறியாமல் சேலை நனைந்துவிட்டது.

என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் பேச்சியம்மாள். அவளுக்கு என் வயசு, என் திமிர். ஈரம் அவள் சேலையிலும் பட்டிருக்கும். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, என் மடியிலும் அவள் மடியிலும் கொட்டிவிட்டு, “சனியன் பிடிச்ச மூடி, கழண்டுருச்சு பாரு! ஏலே முருகா, மெதுவா ஓட்டித் தொலையேன்லே!” என்று கத்தினாள். ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் இறங்கி ஏலச்செடிகளுக்குள் போனதும் பேச்சி என் காதில் சொன்னாள். “பிரஷர் மாத்திரை போட்டியாக்கும்? கூறுகெட்டவளே, வேலைக்கு வர்ற அன்னைக்கு அதப் போடுவாகளா? நாங்கெல்லாம் ஞாயித்துக்கிழமைதான் போடுவோம்.”

அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஜீப்பில் பாதிக்கு மேல் பிரஷர்காரிகள். எல்லோருக்கும் அது ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. தோட்டத்துக்குப் போன பிறகு போடலாமே என்று கேட்பீர்கள். அங்கே நிரைக்கு நிரை ஆம்பளைகள் மருந்தடித்துக்கொண்டிருப்பார்கள், மேஸ்திரி சுற்றிக்கொண்டிருப்பார், ஒதுங்கினால் காலில் அட்டைப்பூச்சி ஏறும். ஒருத்தி ஒதுங்கியதை எவனோ பார்த்துவிட்டான் என்று ஒரு சீசன் முழுக்கக் கேலி பேசினார்கள். ராத்திரி போட்டால் தூக்கம் கெடும், விடியுமுன் எழ வேண்டும். அதனால் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் மலையேறப் பழகியிருந்தோம். மாத்திரை எங்களுக்கு மிகவும் பெரிய ஆடம்பரம்.

செல்வி வருவதும் ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை ராத்திரி ஒரு தடவை, ஞாயிறு காலையில் ஒரு தடவை என்று போட்டுக்கொண்டு கையை நீட்டுவேன். “கொஞ்சம் கூடத்தான் இருக்கு, ஆனா பரவால்ல. உப்பக் கொறைங்க. மாத்திரை ஒழுங்காப் போடுறீகளா?” என்று கேட்பாள். “பின்ன, நீ குடுக்குறத வச்சு அலங்காரமா பண்றேன்?” என்பேன். அவளும் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். இரண்டு மாத்திரையில் எது தண்ணீரை இழுக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். அதனால் இரண்டையும் விட்டேன்.

காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு நாள் முற்பகலில், குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தேன். தாடையில் ஒரு வலி. பல் வலியாக்கும் என்று நினைத்தேன். அது இறங்கித் தோளுக்கு வந்தது, தோளிலிருந்து நெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தது. மலைக் குளிரில் எனக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது. வாந்தி எடுத்தேன். “வாய்வுடி, நேத்துத் தின்ன மொச்சைதான்” என்று நானே தீர்ப்புச் சொன்னேன். பேச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு அலறியதில் மேஸ்திரி ஓடி வந்தார்.

“எந்து பற்றி சேச்சி?” என்று, என்ன ஆச்சு என மலையாளத்தில் கேட்டுக் குனிந்து பார்த்தவர், அடுத்த நிமிஷம் முருகனைக் கூப்பிட ஆள் விட்டார்.

ஜீப்பின் பின் சீட்டில் என்னைப் படுக்க வைத்து, என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள் பேச்சி. இறக்கத்தில் முருகன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. வலி ஒரு பக்கம் நெஞ்சை நசுக்க, எனக்கு என்ன பயம் தெரியுமா? செத்துப்போகும்போது சேலையிலேயே போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். புருசனை நினைக்கவில்லை, பிள்ளையை நினைக்கவில்லை. அந்த மானம்கெட்ட நினைப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

போடி ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டி இசிஜி எடுத்தார்கள். இதயம் துடிக்கிற துடிப்பைக் கோடாக வரைந்து காட்டுகிற படம் அது. படத்தைப் பார்த்ததுமே கையில் ஒரு கொத்து மாத்திரையைக் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். ரத்தம் மேலும் உறையாமல் இருப்பதற்காம். பிறகு உறைந்த கட்டியைக் கரைக்கிற ஊசி ஏற்றினார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் அடைப்பு, அதற்குத்தான் மாரடைப்பு என்று பெயர் என்று ஒரு டாக்டரம்மா சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கேட்டார்கள்.

“பிரஷர் இருக்கா? மாத்திரை தினமும் எடுக்குறீங்களா?”

“எடுக்குறேன்மா.”

“ஒரு நாள்கூட விடாம?”

“விடாம.”

பேச்சி கட்டிலின் மறுபக்கம் நின்றாள். அவள் தரையைப் பார்த்தாள். நான் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தேன்.

அங்கிருந்து ஆம்புலன்சில் தேனிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் சவரிமுத்து ஓடைப்பட்டியில் திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்தவர், கவாத்துக் கத்திரியைக்கூட இடுப்பிலிருந்து எடுக்காமல் ஓடி வந்துவிட்டார். வாசலில் காவலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டாராம். பேசத் தெரியாத மனுசர். என் பாதத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மகன் திருப்பூரிலிருந்து வந்து அழுதுவிட்டு, சம்பளம் பிடிப்பார்கள் என்று திரும்பிப் போனான். கூட இருந்து பார்த்துக்கொண்டது மருமகள் ஜெனிதா. போடியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்று சேலை எடுத்துப் போடுகிற வேலை அவளுக்கு. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் வைக்கிற குழம்பை நான் குறை சொல்லாத நாளே கிடையாது.

மறுநாள் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். மணிக்கட்டு வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை விட்டு, இதயம் வரைக்கும் கொண்டுபோய், சாயம் மாதிரி ஒரு மருந்தைச் செலுத்திப் படம் பிடிக்கிறார்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று அந்தச் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு இடத்தில் அடைப்பு. மோசமானதை அன்றே கம்பி வலை வைத்துத் திறந்துவிட்டார்கள். அதற்குத்தான் ஸ்டென்ட் என்று பெயர். மற்றதை இரண்டு மூன்று நாள் பொறுத்துச் செய்யலாம் என்றார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்கு யார் காலையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

“அம்மா, இந்தச் சாயம் சிறுநீரகம் வழியாத்தான் வெளிய போகணும். நல்லாத் தண்ணி குடிங்க” என்று சொன்னார் இளவயது டாக்டர். என் மகன் வயசுதான் இருக்கும்.

தண்ணி குடி என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! எழுந்து நடக்கக் கூடாது. ஒண்ணுக்குப் போகப் படுக்கையிலேயே தட்டு வைப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க அவள் அண்ணன்மார்கள் வருகிறார்கள், எதிர்க் கட்டிலுக்கு ஒரு தாத்தா வருகிறார். மறைப்புத் துணி இழுத்துவிட்டாலும் சத்தம் கேட்குமே. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜெனிதா அந்தப் பக்கம் போனதும், பாட்டில் தண்ணீரைப் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்தவளிடம் நீட்டி, “கை கழுவ வச்சுக்க ஆத்தா” என்று தானம் செய்துவிடுவேன். பாட்டில் காலியாவதைப் பார்த்து நர்ஸ் சந்தோஷப்பட்டாள்.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்க்கிறார்கள். சிறுநீரகம் ஒழுங்காக வடிகட்டுகிறதா என்று சொல்கிற கணக்கு. அது ஏறிவிட்டது. இந்த நிலையில் மறுபடி சாயம் செலுத்த முடியாது, இரண்டாவது அடைப்பை இப்போதைக்குத் தொட முடியாது என்றார்கள். டாக்டர் என் கட்டிலருகே நின்று யோசித்தார். “தண்ணி நெறையக் குடிக்கிறாங்க. மாத்திரையும் விடாம எடுத்திருக்காங்க. அப்புறம் ஏன் இப்படி?” என்று கூட இருந்தவரிடம் கேட்டார். மாத்திரையைக் கூட்டலாமா, வேறு ஏதாவது நோய் ஒளிந்திருக்கிறதா என்று என்னென்னவோ பரிசோதனை எழுதினார். நான் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

மத்தியானம், கஞ்சி கொடுக்க வந்த ஜெனிதா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

“அத்தை, தண்ணிய யாரு குடிச்சது?”

“நாந்தான்.”

“ஒதடு வெடிச்சுக் கெடக்கு, பாட்டிலு மட்டும் காலியாகுது. பாட்டிலுக்கா தாகம்?”

பக்கத்துக் கட்டில் துணைக்காரி குனிந்துகொண்டாள். ஜெனிதா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணுக்குப் போறதுக்குப் பயந்துக்கிட்டா?”

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“எங்க கடையில மட்டும் என்ன வாழுதாம்? காலையில வீட்டுல போறதுதான். மேல் மாடிக்குப் போகணும், சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டுப் போகணும். அந்த ஆளுகிட்டப் போயி நிக்கிறதுக்கு, தண்ணி குடிக்காமலே இருந்துர்றது. போன மாசம் நீர்க்கடுப்புன்னு படுத்துக் கெடந்தேன்ல? நீங்க வேலைக்குக் கள்ளம்னு ஏசினீக.”

ஏசினேன். நன்றாக நினைவிருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜீப், வளைவு, நனைந்த சேலை, ஞாயிற்றுக்கிழமை மாத்திரை எல்லாம். கேட்டுவிட்டு அவள் எழுந்து போய், டாக்டரைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

“சார், எங்க அத்தை மாத்திரையே போடல சார். வாரத்துல ஒரு நாளுதான். அதப் போட்டா ஒண்ணுக்கு வருதாம், ஜீப்ப நிப்பாட்டச் சொல்ல வெக்கமாம். இங்கனயும் தண்ணி குடிக்கல, அதே வெக்கம்தான்.”

வார்டே கேட்கிற மாதிரி சொன்னாள். அந்தத் தாத்தா இருமினார். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. இவளை என் மகனுக்குக் கட்டி வைத்த தரகனையும் சேர்த்து மனசுக்குள் வைதேன்.

டாக்டர் சிரிப்பார் அல்லது கத்துவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ரெண்டு மாத்திரையில ஒண்ணுதான்மா அந்த வேலையச் செய்யும். உடம்புல தேங்குற உப்பையும் தண்ணியையும் சிறுநீராக்கி வெளிய தள்ளி, பிரஷரைக் குறைக்கும். இன்னொண்ணு போட்டா அப்படி வராது. அதையாவது தினமும் போட்டிருக்கலாம். முதல் மாசமே சொல்லியிருந்தா, வேற மாத்திரைகூட மாத்திக் கொடுத்திருப்பாங்களே.”

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் வளர்த்த வெட்கம் என் நெஞ்சில் கம்பி வலையாக வந்து உட்கார்ந்திருந்தது. டெல்லியில் யாரோ திட்டம் போட்டு, சென்னையிலிருந்து லாரி ஏறி, தேவாரம் வந்து, செல்வியின் தோள் பையில் வெயிலில் நடந்து, என் வீட்டு வாசல் வரைக்கும் வந்த மாத்திரை அது. அதற்குப் பிறகு என் வாய்க்குத்தான் வரவில்லை.

டாக்டர் எழுந்திருக்கவில்லை. “ஜீப்புல எத்தனை பேர் போவீங்க?” என்று கேட்டார்.

“பன்னெண்டு பேரு சார்.”

“பிரஷர் இருக்கிறவங்க?”

“பாதிக்கு மேல.”

“அவங்க மாத்திரை போடுறாங்களா?”

நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“இன்னைக்கும் அந்த ஜீப் போயிருக்கும்ல?”

“போயிருக்கும் சார்” என்றேன்.

அன்றிலிருந்து ஜெனிதா மணிக்கொரு தரம் தம்ளரை என் வாயில் வைத்தாள். தட்டு வைக்கும்போது, மறைப்புத் துணிக்கு உள்ளே தன் துப்பட்டாவையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் இருக்க நடிகர் நடிகை சண்டையெல்லாம் உரக்கப் பேசுவாள். சில நாளில் ரத்தக் கணக்கு இறங்கியது. இரண்டாவது அடைப்பையும் திறந்தார்கள். புது மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மலைப் பக்கம் வேலைக்குப் போவதைச் சில மாதம் மறந்துவிட வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை செல்வி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் பட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். “ஏக்கா, நானும் பொம்பளதான? எங்கிட்டக் கூடவா சொல்லக் கூடாது?” என்றபோது அவள் கண் கலங்கியிருந்தது. சுகாதார நிலைய டாக்டரிடம் பேசுகிறேன், மாற்ற முடிகிறவர்களுக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்கிறேன், ஆனால் சிலருக்கு இதே மாத்திரைதான் வேண்டியிருக்கும் என்றாள்.

சாயங்காலம் பேச்சி ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாள். இப்போது ஆள் கூட்டிப் போவது அவள்தான். சுகாதார நிலையத்துக்குப் போ, மாத்திரையை ஒழுங்காகப் போடு என்று நான் சொன்னதும் எரிந்து விழுந்தாள்.

“நீ வீட்டுல சாஞ்சுக்கிட்டுப் பேசுவ. நா நாளைக்கு ஜீப்பு ஏறணும்ல? மாத்திரைய விடு, ஒரு வாய்த் தண்ணி குடிக்க முடியுதா? ஏன், நீ கங்காணியா இருந்தப்ப நிப்பாட்டச் சொல்ல வேண்டியதுதான?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் கண்ணுக்குக் கீழே வீக்கம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். தலைவலி இரண்டு நாளாக விடவில்லை என்று போகும்போது சொன்னாள். இவள் போய்விட்டால் அதற்கு எந்தச் சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

மறுநாள் விடியுமுன் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் முக்குக்கு நடந்தேன். பொம்பளைகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முன் சீட்டில் மருந்தடிக்கிற ஆம்பளைகள் இருந்தார்கள். முருகன் ஸ்டியரிங்கில் கை வைத்திருந்தான்.

“முருகா, மெட்டு ஏறுறதுக்கு முன்னாடி அடிவாரத்து டீக்கடையில நிப்பாட்டணும். பின்னாடி தகரம் அடைச்ச கக்கூசு இருக்கு. கடைக்காரிகிட்ட நாம் பேசிக்கிறேன்.”

“எதுக்கு மதினி?”

எதுக்கு என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் கேட்டுவிட்டான், நான் சொல்லியாக வேண்டும்.

“ஒண்ணுக்குப் போக. இவளுக அடக்கிக்கிட்டு வர்றாளுக. அதுக்குப் பயந்து பிரஷர் மாத்திரையப் போடாமச் சாகப் போறாளுக. எனக்கு வந்ததும் அதனாலதான்.”

பேச்சி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். “எங்க மானத்த வாங்கிட்டாளே” என்று யாரோ முனகினார்கள். முருகன் என்னைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தான்.

“இத்தன வருசத்துல யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னீகளா மதினி? பொம்பளைக இருக்காக, நடுவழியில நிப்பாட்டுனா இவன் எதுக்கு நிப்பாட்டுறான்னு தப்பா நெனைப்பாகளேன்னுதான் நா நிக்காம ஓட்டுனேன். நா ஆம்பள, நானா வந்து எப்பிடிக் கேக்க?”

ஜீப் கிளம்பிப் போய்விட்டது. நான் தெருவில் நின்றேன். அவன் எங்களுக்கு மரியாதை என்று நினைத்து ஓட்டியிருக்கிறான். நாங்கள் மானம் என்று நினைத்து அடக்கியிருக்கிறோம். இதில் யாரை நோவது? வீட்டுக்காரர் கையைப் பிடித்து என்னை வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தார்.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் பேச்சி வந்து வாசலிலேயே நின்றாள்.

“நிப்பாட்டுனானா?”

“நிப்பாட்டுனான். தூரப் போயி முதுகக் காட்டிக்கிட்டு நின்னான். அந்த ஆம்பளைகளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான்.”

“எறங்குனீகளா?”

“யாரு எறங்குவா? எல்லாரும் பேசாம உக்காந்திருந்தோம். மொதல்ல நீ எறங்குடி, நீ எறங்குடின்னு கிள்ளிக்கிட்டோம். அப்பறம் வந்து வண்டிய எடுத்துட்டான்.” அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். “நீ வா. அடிவாரம் வரைக்கும் வந்துட்டு பஸ்ஸுல திரும்பிரு. மொதல்ல நீ எறங்கு.”

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது கேட்டேன். மலை ஏறாமல், அடிவாரம் வரைக்கும் என்றால் போய் வாருங்கள் என்றார். மறுநாள் விடியுமுன் போய் ஜீப்பில் ஏறினேன். எனக்கு இடம் விட்டார்களே தவிர யாரும் பேசவில்லை. அன்று காலையில் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்திருந்தேன். டீக்கடை முன்னால் ஜீப் நின்றது, முருகன் இறங்கித் தூரப் போனான். டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து ஆம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மாரடைப்பு வந்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. இறங்கினேன். அவர்கள் பார்வைக்கு நடுவில் கடையைச் சுற்றி நடந்து, தகரக் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டேன்.

உள்ளே போனதும் ஏனோ அழுகை வந்துவிட்டது. அங்கே நின்றுகொண்டு வாயைப் பொத்தி அழுதேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஒருத்தியும் இறங்கவில்லை, நான் மட்டும் எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டதுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தகரத்தை யாரோ ஓங்கித் தட்டினார்கள். பேச்சியின் குரல்.

“ஏ கங்காணி! உள்ள குடித்தனமா நடத்துற? சீக்கிரம் வாடி வெளிய, இங்கன ஜீப்பே வரிசை கட்டி நிக்குது!”